பேட்டரியைப் பட்டினியோடு தூங்க வைக்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கார் வயரிங் கடை வைத்திருக்கிறேன். ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஊர். கடைக்கு வருபவை பெரும்பாலும் தோட்டத்து லோரிகளும் பழைய வேன்களும்தான். இன்று நான் பேச வந்திருப்பது, குளிர்காலத்தில் நிறுத்தி வைக்கும் மோட்டார்ஹோமின் பேட்டரியைப் பற்றி. பனியே பார்க்காத ஊர்க்காரனுக்கு இது எதற்கு என்று தோன்றலாம். காரணம் என் தங்கை வீட்டுக்காரர்.

அவர்கள் இங்கிலாந்தில், யார்க்‌ஷயரில் இருக்கிறார்கள். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும் மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கினார்கள். அக்டோபர் முடிந்ததும் அதை ஒரு யார்டில் நிறுத்திவிட்டு, மார்ச் மாதம்தான் எடுப்பார்கள். முதல் வருஷம் போய்த் திறந்து பார்த்தால், பேட்டரி வீங்கி ஓரத்தில் வெடிப்பு விட்டிருந்தது.

"மச்சான், குளிர் கொன்னுடுச்சு" என்றார் போனில்.

"குளிர் மட்டும் இல்ல மாப்பிள்ள. பட்டினி போட்டிருக்கீங்க" என்றேன்.

விளக்கமாகச் சொல்கிறேன். ஈய பேட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலம் கலந்த தண்ணீர். முழு சார்ஜில் அமிலம் அடர்த்தியாக இருக்கும். அப்போது அது உறைய வேண்டுமானால் பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரி வரை குளிர வேண்டும். யார்க்‌ஷயரில் அப்படி ஒரு குளிர் கிடையாது. சார்ஜ் இறங்க இறங்க, அமிலம் ஈயத் தகடுகளில் போய்ச் சேர்ந்துவிடும். மிஞ்சுவது ஏறக்குறைய வெறும் தண்ணீர். அது பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியை எட்டும் முன்பே உறைந்துவிடும். பேட்டரி வெடிப்பு விட்டது இதனால்தான். உறைந்த பேட்டரிக்கு சார்ஜர் மாட்டவே கூடாது என்பதையும் அவரிடம் சொல்லி வைத்தேன்.

மோட்டார்ஹோமில் பேட்டரி இரண்டு வகை. ஒன்று எஞ்சினை ஸ்டார்ட் செய்ய. மற்றொன்று விளக்கு, தண்ணீர் பம்ப் போன்ற வீட்டு வேலைக்கு. யார்டில் கரண்ட் கொடுத்து வைத்தாலும், சில வண்டிகளில் அது வீட்டு பேட்டரிக்கு மட்டுமே போகும். அலாரமும், வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் டிராக்கரும் எஞ்சின் பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். மாப்பிள்ளைக்கு நடந்தது அதுதான். அடுத்த வருஷம் இரண்டையும் முழுசாக சார்ஜ் ஏற்றி, கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, மாதம் ஒரு தடவை வோல்ட் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னேன். லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அதைப் பாதி சார்ஜில் வைத்தால் போதும். ஆனால் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதற்கு சார்ஜ் ஏற்றக் கூடாது.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே பேட்டரியைக் கெடுப்பது வெயில். சும்மா வைத்திருந்தாலே சாதாரண ஈய பேட்டரி மாதம் 3 முதல் 5 சதவீதம் சார்ஜை இழக்கும். சூடு 10 டிகிரி கூடினால் அந்த வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். குளிர் நாட்டில் பேட்டரி மெதுவாகத்தான் இறங்கும். நம் ஊரில் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் வேனில் சீக்கிரம் இறங்கிவிடும்.

2020 மார்ச் 18-ஆம் தேதி, கோவிட் காரணமாக எல்லோரையும் வீட்டிலேயே இருக்கச் சொன்ன நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது நினைவிருக்கும். மே மாதம் கடையைத் திறந்தபோது, ஸ்டார்ட் ஆகாத வண்டிகள் வரிசையாக வந்தன. தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன், அதுதான் அவருக்குச் சோறு. "தம்பி, ஓட்டவே இல்லையே, எப்படிப்பா செத்துப்போகும்?" என்று கேட்டார். பார்த்தால், வண்டியை நிறுத்திய பிறகும் 50 மில்லி ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம்தானே என்று நினைப்போம். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, மாதத்துக்கு 36. அவருடைய பேட்டரி முழுசாக நிரம்பினாலே மொத்தம் 45 ஆம்பியர்-மணிதான். காலியாகவே கிடந்ததில் தகடுகளில் வெள்ளைப் படிவம் இறுகிவிட்டது. சல்பேட் என்று சொல்வோம். அது இறுகிவிட்டால் எந்த சார்ஜரும் முழுசாக மீட்டுத் தராது. அவர் புதுசு வாங்கத்தான் வேண்டியிருந்தது. பிள்ளைகள் இல்லாததால் வருமானமும் இல்லாத நேரம் அது. இன்றும் எனக்கு அது மனசைவிட்டுப் போகவில்லை.

ஒரு மீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விலை அதிகமில்லை. வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழுசு. 12.4-க்கு வந்தால் சார்ஜ் ஏற்றிவிடுங்கள். 12.2 என்றால் பாதி போய்விட்டது. வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். பல நாள் இழந்த சார்ஜை அந்த ஐந்து நிமிடம் திருப்பித் தராது. நீண்ட தூரம் ஓட்டுங்கள், இல்லையென்றால் சார்ஜர் மாட்டுங்கள். சிமெண்ட் தரையில் வைத்தால் பேட்டரி இறங்கும் என்பது பழைய காலத்துப் பேச்சு. இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்தப் பயம் வேண்டாம்.

மூடி திறக்கும் பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றுங்கள், அதுவும் சார்ஜ் ஏறிய பிறகு. தகடு வெளியே தெரிந்தால் மட்டும் முதலில் அது மூழ்கும் அளவுக்கு ஊற்றிவிட்டு சார்ஜ் போடலாம்.

நேரம் முடியப்போகிறது, ஆனால் இதைச் சொல்லாமல் போக மாட்டேன். பேட்டரியைக் கழற்றும்போது முதலில் மைனஸ் வயர், மாட்டும்போது கடைசியில் மைனஸ் வயர். பிளஸ்ஸை முதலில் கழற்றினால், ஸ்பேனர் வண்டியின் உடம்பில் பட்டதும் தீப்பொறி பறக்கும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். ஆகவே ஜன்னலைத் திறந்து வையுங்கள். சிகரெட், ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் வேண்டாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் பேட்டரியைக் கொண்டு வாருங்கள். அளந்து பார்த்துச் சொல்கிறேன், காசு வேண்டாம். நன்றி, வணக்கம்.