தென்னைக்கு நடுவே சோலார்: கன்னியாகுமரி மாவட்ட வீட்டுக்கு எத்தனை கிலோவாட் போதும்?

(காட்சி: மொட்டை மாடி. ஒரே வரிசையில் ஆறு பேனல்கள். அவற்றின் மேல் தென்னை ஓலையின் நிழல் அசைகிறது.)

காலை ஒன்பது மணி. வெயில் நன்றாக அடிக்கிறது. ஆனால் பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரின் திரையில், வரவேண்டிய மின்சாரத்தில் பாதிகூட வரவில்லை. பேனலிலும் கோளாறில்லை, இன்வெர்ட்டரிலும் கோளாறில்லை. பக்கத்து விளையில் நிற்கும் தென்னைதான் காரணம்.

ஆறு பேனலும் சீரியல் பல்பு மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டவை. ஒரே மின்னோட்டம்தான் ஆறிலும் ஓடும். ஒரு பேனலில் மட்டும் நிழல் விழுந்தால், அதனுள் இருக்கும் பைபாஸ் டயோடு நிழல்பட்ட பகுதியைச் சுற்றிக்கொண்டு மின்னோட்டத்தை அனுப்பிவிடும். இழப்பு அந்தப் பகுதியோடு நிற்கும். ஓலை நிழல் அப்படி ஒரே இடத்தில் கிடப்பதில்லை. கீற்றுக் கீற்றாக ஆறு பேனலிலும் விழும்போது டயோடு கைகொடுக்காது. ஆகவே நம் மாவட்டத்தில் சோலார் வேலை தொடங்க வேண்டியது மரத்தை அளப்பதில்.

(காட்சி: மாடியின் வரைபடம், நான்கு திசையிலும் தென்னை.)

நாம் இருப்பது 8 டிகிரி வட அட்சரேகையில். சித்திரை பிறப்பதற்குச் சற்று முன்பே உச்சிச் சூரியன் தலைக்கு நேரே வந்து, பிறகு வடக்கே சாய்ந்துவிடும். ஆவணி நடுவில்தான் திரும்ப வரும். மாடி மட்டத்துக்கு மேல் 25 அடி உயர்ந்து நிற்கும் ஒரு தென்னையை எடுத்துக்கொள்வோம். அது தெற்கே நின்றால், டிசம்பர் உச்சிவேளையில் சுமார் 15 அடிக்கு நிழல் விழும். வடக்கே நின்றால், ஜூன் உச்சிவேளையில் ஏறக்குறைய 7 அடி. அதே மரம் கிழக்கே நின்றால், பங்குனிக் காலை 9 மணிக்கு நிழலின் நீளம் 30 அடிக்கு மேல். தெற்குப் பக்கம் மரமில்லை என்று நிம்மதியடைகிறவர்கள் கிழக்கையும் மேற்கையும் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

மரத்தை வெட்டச் சொல்லவில்லை. பேனல் வரிசையை இடம் மாற்றிப் பாருங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு பேனலையும் தனித்தனியாக இயக்கும் ஆப்டிமைசரோ மைக்ரோ இன்வெர்ட்டரோ போடலாம். செலவு கூடும், ஆனாலும் ஒரு பேனலின் நிழல் மற்ற ஐந்தைப் பாதிக்காது. தேங்காயோ மட்டையோ நேரே விழக்கூடிய இடத்தில் மட்டும் பேனலே வேண்டாம்.

சரி, எத்தனை கிலோவாட்?

இந்தக் கேள்விக்குப் பதில் உங்கள் கரண்ட் பில்லில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடும் வீடு என்று வைத்துக்கொள்வோம். முதல் 100 யூனிட் எப்படியும் இலவசம். மிச்சம் 400. அறுபது நாளுக்கு வகுத்தால் நாளுக்கு ஏழு யூனிட்டுக்குள். நிழலில்லாத இடத்தில் ஒரு கிலோவாட் அளவுள்ள பேனல்கள், ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நமக்கு உண்டு என்பதால், மழை மாதங்களில் 3 யூனிட் என்று கணக்குப் போடுவது நல்லது. இந்த வீட்டுக்கு 2 கிலோவாட் போதும். மழைக்காலத்தில் சற்றுக் குறையும், மாசி பங்குனியில் மிஞ்சும். மிஞ்சியது, லைனுக்குப் போவதையும் லைனிலிருந்து வருவதையும் எண்ணும் நெட் மீட்டர் வழியாக அடுத்த பில்லுக்கு வரவாகும்.

பில் 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டுக்குக் கணக்கு வேறு. தாண்டினால் சலுகை விலை பறிபோகும், 500-க்கு மேற்பட்ட யூனிட் ஒவ்வொன்றும் 8 ரூபாய்க்கு மேல். சோலார் முதலில் கழிப்பது இந்த விலையுயர்ந்த யூனிட்டுகளைத்தான். பில்லை முழுக்கப் பூஜ்யமாக்க 5 கிலோவாட் போடச் சொல்லும் விற்பனையாளர், உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டையும் பணம் கொடுத்து வாங்கவைக்கிறார்.

மானியமும் சிறிய அளவின் பக்கம்தான் சாய்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய, வீட்டு மாடி சோலாருக்கான மத்திய அரசின் பி.எம். சூர்யா கர் திட்டத்தில், முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. மொத்தம் 78,000. அதற்கு மேல் எத்தனை போட்டாலும் மானியம் அவ்வளவுதான்.

(காட்சி: துருப்பிடித்த தாங்கி. போல்ட்டைச் சுற்றிப் பழுப்புக் கறை.)

குளச்சல், முட்டம், மணக்குடிப் பக்கம் உப்புக்காற்றுக்கு முதல் பலி பேனல் அல்ல, அதைத் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டமான தாங்கி. இரும்பை அளவெடுத்து, வெட்டி, துளைபோட்டு, அதன் பிறகுதான் ஹாட் டிப் கால்வனைஸ் செய்ய வேண்டும், அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுக்க வேண்டும். மாடியில் வைத்து வெல்டிங் அடித்தால் அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். மேலே அடிக்கும் சில்வர் பெயின்ட் ஒரு மழைக்காலம் தாங்கினால் பெரிது. போல்ட்டுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் கேளுங்கள். பேனலின் அலுமினியச் சட்டத்தில் வெறும் செம்புக் கம்பியை நேராக முறுக்கி எர்த் கொடுத்தால், செம்பும் அலுமினியமும் தொடும் இடத்தை உப்பு அரித்துவிடும். வெள்ளீயம் பூசிய லக் (கம்பியின் நுனியில் மாட்டும் இணைப்பு வளையம்) போட வேண்டும். பேனல் வாங்கும்போது உப்பு மூடுபனிச் சோதனையான ஐ.இ.சி. 61701 சான்று இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆரல்வாய்மொழி, தோவாளைக்காரர்களின் கவலை காற்று. முப்பந்தலில் காற்றாலைகளை நட வைத்த அதே கணவாய்க் காற்றுதான் பேனலையும் தூக்கப் பார்க்கும். துணி காயப்போட இடம் வேண்டும் என்று எட்டடி உயரத்தில் பந்தல்போல் போடுகிறவர்கள், குறுக்குச் சட்டத்தை மிச்சம் பிடிக்கக்கூடாது. தாங்கியின் கால் தளத்தில் மட்டும் நில்லாமல் பீம் மேல் கெமிக்கல் ஆங்கரில் (துளைக்குள் பசை ஊற்றிப் பதிக்கும் போல்ட்) இறங்க வேண்டும். துளையைச் சுற்றி நீர்க்கசிவுப் பூச்சு கட்டாயம். பேனலின் சாய்வுக்கு 10 டிகிரி தாராளம், ஏழரை அடி பேனலுக்கு மேல்முனை ஒன்றேகால் அடி உயர்ந்தால் போதும். மழைநீர் வழிந்தோடவும் அது போதும்.

இனி, அதிகம் பேர் ஏமாற்றமடையும் இடம். நடுப்பகல் வெயிலில் லைன் கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். பழுதல்ல. கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனை உங்கள் வீட்டு மின்சாரம் தாக்கிவிடக்கூடாது என்பதற்காக, இன்வெர்ட்டர் தானாகவே துண்டித்துக்கொள்கிறது. 2017 நவம்பரில் ஒக்கி புயல் அடித்தபோது போல மின்கம்பங்கள் சாய்ந்தால், கிரிட்டோடு (மின்வாரிய லைனோடு) மட்டும் ஓடும் சோலாரால் ஒரு பல்பும் எரியாது. மின்தடைக்கும் உதவ வேண்டுமென்றால் பேட்டரியும், லைன் இல்லாதபோதும் பேட்டரியோடு ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் தேவை. அந்தச் செலவை பில் சேமிப்போடு சேர்த்துக் கணக்குப் போடாதீர்கள், அது தனி.

லைன் இருந்தும் உச்சிவேளையில் மட்டும் இன்வெர்ட்டர் நின்று நின்று ஓடுகிறதா? திரையில் வோல்டேஜைப் பாருங்கள். வழக்கமான 230 வோல்ட்டைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடினால், அதாவது 253 வோல்ட்டைத் தாண்டினால், விதிப்படி அது விலகிக்கொள்ளும். இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரை மெல்லிய கேபிள் ஓடினால் இது வரும், கேபிளை மாற்றினால் தீரும். மீட்டரிலேயே 250-ஐத் தொட்டால் கோளாறு லைனில். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியதுதான்.

மானியத்துக்கான விண்ணப்பம் பி.எம். சூர்யா கர் இணையதளத்தில். மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்து, அங்கே பட்டியலில் உள்ள விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 10 கிலோவாட் வரை மின்வாரியத்தின் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை. வேலை முடிந்து, ஆய்வு நடந்து, நெட் மீட்டர் பொருத்திய பிறகே மானியம் வங்கிக்கு வரும். சிக்குவது பெரும்பாலும் மூன்று இடத்தில். இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருப்பது: முதலில் பெயர் மாற்றுங்கள். அனுமதித்த மின்பளு சோலார் அளவைவிடக் குறைவாக இருப்பது: கூட்டிக்கொள்ளுங்கள். மூன்றாவது, மலிவு என்று வெளிநாட்டு செல் (பேனலுக்குள் மின்சாரம் தயாரிக்கும் சில்லு) கொண்ட பேனலைப் போட்டுவிடுவது. செல்லும் பேனலும் இந்தியாவில் செய்ததாக இல்லாவிட்டால் மானியம் கிடையாது.

(காட்சி: நெட் மீட்டர் திரை.)

முதல் பில் வந்ததும் ஒரு குழப்பம் வரும். இன்வெர்ட்டரின் செயலி 480 யூனிட் உற்பத்தி என்று காட்டும், பில்லில் ஏற்றுமதி 300 என்றிருக்கும். மிச்சம் 180 எங்கும் போகவில்லை. பகலில் உங்கள் வீட்டு மோட்டாரும் மிக்சியும் ஃப்ரிட்ஜும் தின்றது அது. சோலார் உற்பத்தியில் மீட்டரைத் தாண்டி வெளியே போனதை மட்டுமே நெட் மீட்டர் எண்ணும்.