சீட்டை முதலில் எடுத்தவர் துணிச்சல்காரரா?

(சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். செவ்வாய்ப்பேட்டையில் வந்து சீட்டைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான். பரவாயில்லை, பேசிப் பார்க்கிறேன்.

இருபது பேர், மாதம் 5,000, ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு என்று வைத்துக்கொள்வோம். கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர் இரண்டாம் மாதமே 25,000 தள்ளுபடிக்கு ஒத்துக்கொண்டு சீட்டை எடுத்துவிடுகிறார். ஓர் அம்மா கடைசிச் சீட்டு வரை காத்திருக்கிறார். பார்க்கிறவர்கள் என்ன சொல்வோம்? அவர் துணிந்த கட்டை, அந்த அம்மா பயந்த சுபாவம் என்போம்.

ஒருவர் வாயால் சொல்வதைவிட, எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதிலிருந்து அவர் விருப்பத்தைப் படிக்கலாம் என்ற வழியை 1938இல் காட்டியவர் பொருளாதார அறிஞர் பால் சாமுவேல்சன். நல்ல வழிதான். ஆனால் நம் சீட்டில் அது தலைகீழாகப் படிக்கப்படுகிறது. பட்டறைக்காரர் எடுத்தது கடன், அவ்வளவே. வெள்ளி வாங்கவும் கூலி கொடுக்கவும் அவருக்கு வேறு வழி இல்லை. சீட்டு நடத்துபவர் ஓடிப்போனால் அவருக்கு என்ன நட்டம்? பத்தொன்பது மாதம் கட்டிய அந்த அம்மாவுக்குத்தான் எல்லாம் போகும். ஆக, பெரிய ஆபத்தைச் சுமப்பவர் பயந்த சுபாவம் என்று நாம் சொன்னவர்.

அதை அவர் தெரிந்தா சுமக்கிறார்? எனக்கே ஒரு சீட்டு பதினேழாம் மாதம் முடங்கியது. நான் ஒன்றும் வீரன் இல்லை. நடத்தியவரைத் தினமும் கோயிலில் பார்க்கிறோமே என்று இருந்துவிட்டேன். அந்தத் தேர்வில் தெரிவது என் துணிச்சல் இல்லை, என் நம்பிக்கை. கணக்குப் போடுபவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும் என்பதுதான் தொல்லை.

துணிச்சலை மட்டும் தனியே பிரித்துப் பார்க்க ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் என்ற பொருளாதார அறிஞர் மகாராஷ்டிர, ஆந்திர கிராமங்களில் உழவர்களோடு பூவா தலையா ஆடினார். 1980இல் அது அச்சில் வந்தது. எது விழுந்தாலும் 50 ரூபாய். அல்லது ஒரு பக்கத்துக்கு 40, மறு பக்கத்துக்கு 120. ஒரேயடியாகத் துணிந்தால் ஒன்றுமில்லை அல்லது 200. இப்படிப் படிப்படியாக வாய்ப்புகள்; அதில் ஒன்றை உழவர் முன்கூட்டியே தேர்ந்தெடுக்க வேண்டும். கையில் கொடுத்தது நிஜப் பணம். அன்றைய விவசாயக் கூலிக்கு 50 ரூபாய் பெரிய தொகை. நாணயத்தில் ஏமாற்று இல்லை, அவசரத் தேவை குறுக்கே வராது, இழப்பதற்குச் சொந்தக் காசும் இல்லை.

சில்லறைக் காசுக்கு ஆடும்போது ஆளுக்கு ஒரு பக்கம் போனார்கள். தொகை ஏற ஏறப் பெரும்பாலோர் நடுத்தர வாய்ப்புகளில் வந்து கூடிவிட்டார்கள். பணக்காரர், ஏழை என்று பெரிய வித்தியாசம் இல்லை! அப்படியானால் நிலத்தில் ஒருவர் முதல் போடுகிறார், மற்றவர் தயங்குகிறார் என்றால் காரணம் மனத்தில் இல்லை; கடன் கிடைப்பது, சந்தை எட்டுவது போன்றவற்றில் தேட வேண்டும் என்றார் அவர்.

ஏற்காட்டுக்கு வாருங்கள். சிறு தோட்டக்காரர் காபியைப் பறித்த கையோடு பழமாகவே விற்றுவிடுகிறார். பெரிய எஸ்டேட் காயவைத்து, கிடங்கில் போட்டு, விலைக்குக் காத்திருக்கிறது. முன்னவருக்கு நெஞ்சுரம் போதாது என்று மேடையிலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன். அவரிடம் கேட்டால், "எனக்குக் களம் ஏதுங்க, பறிகூலி நாளைக்கே கொடுக்கணுமே" என்பார். ஒரு பருவம் அவருக்குக் களமும் கொடுத்து, கூலிக்குக் கடனும் கொடுங்கள். அப்புறம் அவர் காத்திருக்கிறாரா, விற்கிறாரா என்று பாருங்கள். அன்றைக்கு வேண்டுமானால் அவர் துணிச்சலை எடைபோடலாம்.