காலியான இடத்துக்கு வந்தவர்கள்

வணக்கம் நண்பர்களே. விளையாட்டுக் காயம் என்றாலே நாம் எல்லாரும் வீணாய்ப் போன திறமையைப் பற்றித்தான் பேசுவோம். 28 வயதில் கடைசி ஆட்டம் ஆடிய நெதர்லாந்து கால்பந்து வீரர் வான் பாஸ்டன், 22 வயதில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வின் சிறந்த வீரர் விருது வாங்கி அடுத்த வருடமே முழங்கால் போன டெரிக் ரோஸ் என்று அந்தப் பட்டியல் நீளம். இன்றைக்கு நான் பேச வந்தது அவர்களைப் பற்றி இல்லை. ஒருவர் அடிபட்டு வெளியே போகிறார், சரி, அந்த இடத்துக்கு யார் வந்தார்? என்னைப் பொறுத்தவரை ஆட்டத்தின் போக்கு மாறுவது அங்கேதான்.

2005 ஆகஸ்ட் 4, எட்ஜ்பாஸ்டன். இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதும் ஆஷஸ் தொடரின் இரண்டாவது டெஸ்ட். லார்ட்ஸில் நடந்த முதல் டெஸ்டில் 9 விக்கெட் எடுத்த ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் கிளென் மெக்ராத், டாஸுக்கு முன்னால் பயிற்சியில் இருக்கிறார். தரையில் சும்மா கிடந்த ஒரு கிரிக்கெட் பந்தை மிதித்துவிட்டார். கணுக்கால் போச்சு. இத்தனைக்கும் ஆட்டமே இன்னும் ஆரம்பிக்கவில்லை!

இதற்கு மேல் ஒரு கூத்து நடந்தது. டாஸ் ஜெயித்த ஆஸ்திரேலியக் கேப்டன் பான்டிங், "நாங்கள் முதலில் பந்து வீசுகிறோம்" என்றார். கையில் மெக்ராத் இல்லை என்று தெரிந்த பிறகும்! எனக்கு இன்றுவரை புரியாத முடிவு இது. இங்கிலாந்து அன்று ஒரே நாளில் 407 அடித்தது.

மெக்ராத்துக்குப் பதிலாக வந்தவர் மைக்கேல் காஸ்ப்ரோவிச். நான்காம் நாள் காலை, கடைசி விக்கெட்டுக்கு அவரும் பிரெட் லீயும் சேர்ந்து 59 ரன் சேர்த்துவிட்டார்கள். இன்னும் 3 ரன் எடுத்தால் ஆஸ்திரேலியாவுக்கு வெற்றி. இங்கிலாந்தின் ஹார்மிசன் போட்ட பந்து காஸ்ப்ரோவிச்சின் கிளவுஸில் உரசி லெக் சைடில் போனது. கீப்பர் ஜெரெய்ன்ட் ஜோன்ஸ் பாய்ந்து பிடித்துவிட்டார். ரீப்ளேயை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், பந்து படும்போது அந்தக் கை மட்டையை விட்டு விலகியிருக்கும். விதிப்படி அவுட்டே இல்லை. ஆனால் நடுவர் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கேட்கும் டிஆர்எஸ் அப்போது ஏது?

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தத் தொடரில் மெக்ராத் ஆடாதது இரண்டே டெஸ்ட். இங்கிலாந்து ஜெயித்ததும் அதே இரண்டு டெஸ்ட்தான்.

அமெரிக்கக் கால்பந்தில் இதே மாதிரி ஒரு கதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2001 செப்டம்பரில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரர், ட்ரூ பிளெட்சோவுக்கு மார்புக்குள் ரத்தக்கசிவு ஏற்படும் அளவுக்கு ஓர் அடி. பதிலுக்கு இறங்கியவர், அணிகள் புது வீரர்களை எடுக்கும் முந்தைய வருடத் தேர்வில் 199-வது ஆளாக எடுக்கப்பட்ட டாம் பிரேடி. அப்புறம் அவருக்கு 7 சூப்பர் பவுல், அதாவது லீக் இறுதிப்போட்டி வெற்றிகள். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்த சீசனின் அரையிறுதி போன்ற ஆட்டத்தில் பிரேடிக்குக் கணுக்காலில் அடிபட, பிளெட்சோதான் இறங்கி ஆட்டத்தை முடித்துக் கொடுத்தார்.

இனி, எனக்கு மனசு கனக்கும் கதை. 1962 மார்ச், பார்படாஸ். அது டெஸ்ட்கூட இல்லை, சுற்றுப்பயணத்தில் பார்படாஸ் அணியோடு ஓர் ஆட்டம். இந்தியக் கேப்டன் நாரி காண்ட்ராக்டர் மட்டை பிடிக்கிறார், வயது 28. சார்லி கிரிஃபித் ஓடி வருகிறார். பெவிலியனில் யாரோ ஜன்னலைத் திறந்ததில் கவனம் சிதறிவிட்டது என்று காண்ட்ராக்டரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். பந்து தலையில் பட்டு மண்டை ஓடு விரிந்துவிட்டது. ஹெல்மெட் எல்லாம் கிடையாத காலம். உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். ரத்தம் கொடுத்தவர்களில் ஒருவர் எதிரணிக் கேப்டன் ஃபிராங்க் வொரெல். அந்த நன்றிக்குத்தான் வங்காளக் கிரிக்கெட் சங்கம் பிப்ரவரி 3-ஆம் தேதி ரத்ததான முகாம் நடத்துகிறது. காண்ட்ராக்டர் தலையில் வைத்த உலோகத் தகட்டை 60 வருடம் கழித்து, 2022-இல்தான் எடுத்தார்கள். அவர் மறுபடி முதல்தரக் கிரிக்கெட் ஆடினார், டெஸ்ட் மட்டும் ஆடவே இல்லை.

அடுத்த டெஸ்டுக்குக் கேப்டனாக வந்தவர் 21 வயது மன்சூர் அலி கான் பட்டோடி. அவர் யார்? முந்தைய வருடம்தான் கார் விபத்தில் வலது கண் பார்வையை இழந்தவர். காயத்தால் காலியான இடத்துக்கு இன்னொரு காயக்காரர்! அவர் 40 டெஸ்டில் இந்தியாவை வழிநடத்தினார். நம்மிடம் வேகப்பந்து இல்லையென்றால் என்ன, சுழற்பந்தை வைத்தே ஜெயிக்கலாம் என்று நம்பினார். 1967-இல் பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன் நால்வரையும் ஒரே டெஸ்டில் இறக்கியவர் அவர். மறு வருடம் நியூசிலாந்தில், வெளிநாட்டு மண்ணில் நமக்கு முதல் தொடர் வெற்றி. ஆனால் இதைக் காண்ட்ராக்டருக்கு நடந்ததற்கு ஈடு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். அந்த மனிதர் இழந்தது அவர் இழந்ததுதான்.

தலைக் காயத்தை இந்த ஆட்டம் உண்மையிலேயே மதிக்க ஆரம்பித்தது 2014 நவம்பரில் ஆஸ்திரேலிய வீரர் ஃபில் ஹியூஸ் பந்து பட்டு இறந்த பிறகு. 2019 ஆகஸ்டில், மூளை அதிர்ச்சி என்றால் முழு மாற்று வீரர் என்ற விதி சர்வதேச ஆட்டங்களுக்கு வந்தது. அதே மாதம் லார்ட்ஸில் ஆஷஸ் டெஸ்டில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் போட்ட பந்து ஆஸ்திரேலியாவின் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. சுருண்டு விழுந்தவர், சிறிது நேரத்தில் திரும்பி வந்து மறுபடி ஆடினார். மறுநாள்தான் விலக்கினார்கள். மாற்றாக வந்த லபுஷேனுக்கு ஆர்ச்சர் கொடுத்த வரவேற்பும் ஹெல்மெட் கம்பியில்தான். எழுந்து நின்று 59 அடித்தார். பிற்பாடு டெஸ்ட் தரவரிசையில் முதலிடம் வரை போனார்.

இந்த விதியால் சண்டையும் வந்தது. 2020 டிசம்பர், கான்பெராவில் இந்தியா–ஆஸ்திரேலியா டி20. கடைசி ஓவரில் ஹெல்மெட்டில் அடிவாங்கிய ஜடேஜா 44 ரன்னோடு முடித்தார். பந்து வீச வந்த மாற்று வீரர் சஹல் 3 விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆகிவிட்டார். ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் லாங்கர் நடுவரிடம் கொதித்தார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் நான் விதியின் பக்கம். மாற்று ஆள் கிடைக்காது என்றால் எந்த வீரனும் தலை சுற்றுவதை வெளியே சொல்ல மாட்டான், பல்லைக் கடித்துக்கொண்டு ஆடத்தான் பார்ப்பான்.

பேஸ்பால் வீரர் டாமி ஜானின் முழங்கை அறுவை சிகிச்சை பெரிய சங்கதி, அதற்குத் தனி வீடியோ போடுகிறேன். பார்ப்போம்.