கூனைக் காட்டும் படம் உண்டையைக் காட்டாது

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் அழகாகப் பேசிவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்திருக்காமல் இருக்கிற காரைக்குடிப் பெருமக்களே, ஆச்சிமார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

"பழைய நூல்களில் கொடியவர்களுக்கு ஓவியர்கள் கொடுத்த உருவம் வாசகனுக்குத் தந்தது தெளிவா, வெறுப்பா?" இதுதான் தலைப்பு. வெறுப்பே என்று பேச வந்திருக்கிறேன். நான் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறவள். பென்சில்தான் எனக்குச் சோறு போடுகிறது. அந்தப் பென்சில்மேல் குற்றம் சொல்ல வந்திருக்கிறேன் என்றால், அது எனக்கு எவ்வளவு வலிக்கும் என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வருஷத்துக்கு ஒரு தடவை, "ஒரு திருடனை வரைங்க" என்று சொல்வது என் வழக்கமாக இருந்தது. நாற்பது பிள்ளைகள் வரைந்தால் நாற்பதிலும் ஒரே ஆள்தான் வருவான். கட்டம் போட்ட லுங்கி, கோடு போட்ட பனியன், கன்னத்தில் ஒரு மரு, முறுக்கின மீசை. கிரேயான் டப்பாவில் அன்றைக்குக் கறுப்புதான் முதலில் தேயும். போன வருஷம் ஒரு பையன் வரைந்து முடித்துவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "என்னப்பா?" என்றேன். "எங்க அப்பாவும் இந்த லுங்கிதான் டீச்சர் கட்டுவாரு" என்றான். அதற்குப் பிறகு அந்தப் பயிற்சியை நான் கொடுக்கவே இல்லை.

அந்த நாற்பது பேரும் திருடனை நேரில் பார்த்தவர்கள் இல்லை. படத்தில் பார்த்தவர்கள்.

எதிரணித் தலைவர் ஐயா ஒரு நல்ல வாதத்தை வைத்தார். எழுத்துக் கூட்டத் தெரியாதவனுக்கும், சின்னப் பிள்ளைக்கும், இவன் கெட்டவன் என்று ஒரே பார்வையில் சொன்னது படம்தானே, அது தெளிவுதானே என்று கேட்டார். ஒரே பார்வையில் சொன்னது உண்மை. எதைச் சொன்னது என்பதுதான் என் கேள்வி. கெட்ட காரியம் எது என்று சொல்லவில்லை, கெட்ட முகம் எது என்று சொன்னது. காரியத்தைச் சொல்ல முன்னும் பின்னும் வேண்டும். ஒரு கட்டத்துக்குள் அடங்குகிற படத்தில் அந்த முன்னுக்கும் பின்னுக்கும் இடம் இல்லை.

இதை நான் கம்பனிடம்தான் கற்றுக்கொண்டேன். 1939-ல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் இது. கூனி யார் என்று இந்தச் சபைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கம்பனும் அவளைக் 'கொடுமனக் கூனி' என்றுதான் உள்ளே அழைத்து வருகிறான், மறுக்கவில்லை. ஆனால் அவள் கைகேயியின் மாளிகைக்கு ஏறுகிற இடத்தில் ஒரு நிமிஷம் அவளை நிறுத்துகிறான்.

"பண்டைநாள் இராகவன் பாணி வில்உமிழ்
உண்டை உண்டதனைத் தன் உள்ளத்து உள்ளுவாள்."

சின்ன வயதில் இராமன் விளையாட்டாக வில்லில் வைத்து அடித்த மண்ணுருண்டை. அது பட்ட இடத்தை அவள் மறக்கவில்லை. இரண்டே அடி. அவள் செய்தது சரி என்று கம்பன் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கும் ஒரு நாள் வலித்தது என்று சொல்லிவிட்டான். இனி இராமாயணப் படங்களை எண்ணிப் பாருங்கள். நம் செட்டிநாட்டு வீடுகளில் வளவுச் சுவரின் மேல்வரிசையில் தீட்டியிருக்கிறார்களே, அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூனி எப்படி வருவாள்? வளைந்த முதுகும் நீண்ட மோவாயுமாக வருவாள். கூன் தெரியும், உண்டை தெரியாது. நடுவர் அவர்களே, என் வாதம் முழுவதும் இதற்குள் இருக்கிறது.

இங்கிலாந்திலும் ஒரு கூனன் உண்டு. மூன்றாம் ரிச்சர்ட், 1485-ல் போர்க்களத்தில் செத்த அரசன். அவனுக்குப் பின் வந்த அரச வம்சத்துக்கு அவன் கொடியவனாக இருந்தாக வேண்டும். அரச குடும்பத்துச் சேகரிப்பில் உள்ள அவனுடைய படத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, முதலில் வரைந்த தோளைப் பிறகு உயர்த்தித் தீட்டியிருப்பது தெரிந்தது. தூரிகையால் ஒரு மனிதனைக் கூனாக்கியிருக்கிறார்கள். 2012-ல் லெஸ்டர் நகரத்தில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் அவன் எலும்புக்கூடு கிடைத்தது. முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்திருந்தது, அது நிஜம். ஆனால் கதையில் சொன்ன சூம்பின கை இல்லை, படங்களில் வந்த பெரிய கூனும் இல்லை. ஐந்நூறு வருஷம் கழித்து எலும்பு வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

எதிரணியில் பேசிய தம்பி, க்ரூக்ஷாங்க் வரைந்த ஃபேகினைப் பற்றி உருகிப் பேசினார். நானும் அந்தப் படங்களை விரும்பிப் பார்த்தவள்தான். ஆகவே அங்கேயே கொஞ்சம் நிற்கலாம்.

சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'ஆலிவர் ட்விஸ்ட்' 1837 முதல் 1839 வரை தொடராக வந்தது. ஜார்ஜ் க்ரூக்ஷாங்க் அதற்கு 24 படங்கள் செய்தார். பிள்ளைகளைப் பிக்பாக்கெட் அடிக்கப் பழக்குகிற கிழவன் ஃபேகின் ஒரு யூதன். வளைந்த பெரிய மூக்கும் கலைந்த தாடியுமாக அடுப்பு நெருப்புக்கு முன்னால், கையில் சூலம் மாதிரி நீண்ட ஒரு கரண்டியோடு நிற்பான். பார்த்த உடனே பிசாசு நினைவு வரும், வரவேண்டும் என்றுதான் அப்படி நிற்கிறான். 1863-ல் இலைசா டேவிஸ் என்ற யூதப் பெண்மணி டிக்கன்ஸுக்குக் கடிதம் எழுதினார், இந்தப் பாத்திரத்தால் எங்கள் இனத்துக்கே அநியாயம் செய்துவிட்டீர்கள் என்று. டிக்கன்ஸ் முதலில் தன் பக்கம்தான் பேசினார். ஆனால் அந்தக் கடிதம் அவருக்குள் வேலை செய்திருக்கிறது. அடுத்து எழுதிய நாவலில் ஒரு நல்ல யூதரைக் கொண்டுவந்தார். 1867-ல் 'ஆலிவர் ட்விஸ்ட்' மறுபதிப்பு வந்தபோது, 'அந்த யூதன், அந்த யூதன்' என்று எழுதியிருந்ததைப் பிற்பகுதி அத்தியாயங்களில் பெருமளவு எடுத்துவிட்டார். பெரிய மனிதர், திருத்திக்கொண்டார்.

படம்? எழுத்தில் ஒரு சொல்லை அடித்துவிட்டு இன்னொன்றை வைக்கலாம். தகட்டில் அரித்த மூக்கை என்ன செய்வது? அது அப்படியே நின்றது. 1948-ல் டேவிட் லீன் அந்தக் கதையைப் படமாக எடுத்தபோது, ஃபேகினாக நடித்த ஆலெக் கின்னஸுக்கு ஒப்பனை போட க்ரூக்ஷாங்கின் படத்தைத்தான் பின்பற்றினார்கள். அதே மூக்கு. நூற்றுப்பத்து வருஷம் கழித்து அந்த மூக்கு திரைக்கு வந்த காலம் எது? இலட்சக்கணக்கான யூதர்களை விஷவாயுவில் கொன்று முடித்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. பெர்லினில் படம் காட்டியபோது எதிர்ப்புக் கிளம்பியது. அமெரிக்காவில் 1951 வரை வெளியிட முடியவில்லை, வெளியிட்டபோதும் வெட்டித்தான் வெளியிட்டார்கள். எழுதியவர் திருந்தி, இறந்தும் போய்விட்டார். மூக்கு மட்டும் உயிரோடு இருந்தது.

இன்னொன்றும் தம்பி சொன்னார், அது அழகான செய்தி. தூக்குக்குக் காத்திருக்கும் ஃபேகினை எப்படி உட்காரவைப்பது என்று பிடிபடாமல் க்ரூக்ஷாங்க் தவித்தாராம். வாயில் கையை வைத்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த தன்னையே கண்ணாடியில் பார்த்து, இதுதான் என்று வரைந்தாராம். கொடியவனுக்குள் ஓவியன் தன்னையே கண்டான், இதைவிடத் தெளிவு வேண்டுமா என்று தம்பி கேட்டபோது நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் தம்பி, க்ரூக்ஷாங்க் எடுத்துக்கொண்டது தன் விரலை, தன் நகத்தை, தன் பயத்தை. மூக்கை அவர் கண்ணாடியிலிருந்து எடுக்கவில்லையே. அது ஏற்கெனவே ஊரில் உலவிய மூக்கு.

பிரெஞ்சு ஓவியர் தொரே வரைந்த சாத்தானுக்குக் கம்பீரம் இருக்கிறது, ரவிவர்மாவின் சடாயு வதத்தில் இராவணன் ஒரு தலையோடு மனிதனாகவே நிற்கிறான் என்றும் சொன்னார்கள். ஒப்புக்கொள்கிறேன். பெரிய கலைஞர்கள், பெரிய மனசு. ஆனால் தொரேயின் புத்தகங்கள் கனத்த பெரிய ஏடுகள், பணக்காரர் வீட்டு மேசையில் கிடந்தவை. சாதாரணவன் கைக்குப் போனது மரக்கட்டையில் வெட்டிய மலிவுப் படம். அந்தக் கட்டைக்கு மனிதன் தேவையே இல்லை. மலிவுப் படம் இருக்கட்டும், 1493-ல் நியூரம்பர்க்கில் அச்சான விலை உயர்ந்த உலக வரலாற்று நூலிலேயே 1809 படங்கள், அதற்கு இருந்த கட்டைகளோ 645. ஒரே முகம் வேறு வேறு பெயரில் வரும்.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குக் குரல் நடுங்குகிறது.

முகத்தைப் பார்த்துக் குணத்தைச் சொல்லலாம் என்று லவாட்டர் என்ற பாதிரியார் 1775 முதல் படம் படமாகப் போட்டு நான்கு பெரிய தொகுதிகள் வெளியிட்டார். 1876-ல் லொம்ப்ரோசோ என்ற இத்தாலிய மருத்துவர், குற்றவாளி பிறக்கும்போதே அதற்கான தாடையோடும் காதோடும் பிறக்கிறான் என்று நூல் எழுதினார். சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த தர்ஸ்டன் நம் மக்களின் மண்டையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். 1909-ல் ஏழு தொகுதிகள், புகைப்படங்களோடு. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-லேயே வடக்கே வந்துவிட்டது, 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அந்தச் சட்டத்தை இந்தப் புத்தகங்கள் போட்டன என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிறப்பையும் முகத்தையும் பார்த்தே இவன் திருடன் என்று சொல்லிவிடலாம் என்ற நினைப்பு படித்தவர்கள் மனதில் எப்படி இவ்வளவு இயல்பாக உட்கார்ந்தது? களவே செய்யாதவனும் கைரேகை வைக்க வேண்டும், இராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றவர்களை 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி சுட்டார்கள். செத்தவர்களில் மாயக்காள் என்று ஒரு பெண்ணும் உண்டு. இங்கிருந்து அந்த ஊர் ஒரு பகல் பயணம்கூட இல்லை.

அது யாரோ என்று நினைக்காதீர்கள். இந்த ஊரையும் ஒருவர் படமாக வரைந்தார், சொல்லால். பர்மாவில் 1929, 30-ல் வங்கித் தொழில் பற்றி விசாரணை நடந்தபோது ஒரு சாட்சி, நம் ஊர்ச் செட்டியார்களின் வட்டிக்கடைகள் ஊர்ந்து வந்து நிலத்தையே கருக்கிவிடும் நெருப்பு நாகங்கள் என்றார். இரக்கமில்லாமல் கடைசிச் சொட்டு இரத்தத்தையும் பிழிந்தெடுப்பவர்கள் என்றார். பெட்டியடியில் உட்கார்ந்து, கணக்கு எழுதி, வருஷக்கணக்காகக் குடும்பத்தைப் பார்க்காமல் கிடந்த நம் ஐயாக்களைப் பற்றிய சித்திரம் இது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் அவர்கள் கையில் இருந்தது, 1938-ல் 25 பங்கு. நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் கண்ணீர் பொய்யில்லை, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் நடுவில் என்ன நடந்தது? உலகம் முழுக்க மந்தம், நெல் விலை விழுந்தது. கடன் வாங்கியவனால் கட்ட முடியவில்லை, கொடுத்தவன் கையில் காசுக்குப் பதில் நிலம் வந்து விழுந்தது. விலை விழுந்ததை நாகத்தின் படத்தில் எங்கே வரைவது? கூன் தெரிந்தது, உண்டை தெரியவில்லை. நம்மை அப்படி வரைந்தபோது நமக்கு வலித்ததல்லவா?

அப்படியென்றால் பழைய படங்களையெல்லாம் கொளுத்திவிடலாமா என்று எதிரணி அக்கா கேட்டார். கூடவே கூடாது. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர், படத்தின் அருமை தெரிந்தவர். ஊரார் பழைய காகிதம் என்று ஒதுக்கிய நூல்களையும் நோட்டீஸையும் இலட்சம் அளவுக்குச் சேர்த்து வைத்தார். இன்றைக்கு அது சென்னையில் பெரிய ஆய்வு நூலகமாக நிற்கிறது. அவரைப் போலக் காப்பாற்றுவோம். பிள்ளைக்குக் காட்டும்போது மட்டும், இது அந்த ஆளின் முகம் இல்லையப்பா, வரைந்தவரின் பயம் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுவோம். எனக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லாமல் போனது.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, ஒரு நிமிஷம் கொடுங்கள். எனக்கு ஏழு வயது. பள்ளத்தூரில் அப்பத்தா வீடு. பெட்டகத்தில் பெரிய எழுத்துக் கதைப் புத்தகம் ஒன்று இருந்தது. அதில் ஒரு ராட்சசன், கன்னத்தில் காது வரைக்கும் ஒரு கோடு. அந்தப் பக்கத்தை எத்தனை தடவை பார்த்துப் பயந்திருப்பேன்! ஒருநாள் மதியம், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் துருத்தியும் நவச்சாரமுமாக எங்கள் முகப்புக்கு முன்னால் உட்கார்ந்து பித்தளை அண்டாவைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். கன்னத்தில் காது வரைக்கும் அதே கோடு. நான் வீறிட்டேன். "பிள்ளை பிடிக்கிறவன்" என்று யாரோ கத்த, தெருவே கூடிவிட்டது. யாரோ ஓங்கி அறைந்தார்கள். அப்பத்தா ஓடிவந்து விலக்கி, அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். அவர் கன்னத்தைத் தொட்டுக்கொண்டு, "பத்து வயசுல ஈயம் தெறிச்சுச்சு ஆச்சி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். காசு வாங்காமல் துருத்தியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். எங்கள் தெருவுக்கு அப்புறம் அவர் வரவே இல்லை.

அந்த அண்டா இன்னும் என் வீட்டில் இருக்கிறது. உள்ளே பாதி வெள்ளையாக இருக்கும், பாதி பித்தளை தெரியும். மீதிக்கு ஈயம் பூச நான் யாரிடமும் கொடுக்கவில்லை.

அமர்கிறேன் ஐயா. வணக்கம்.