உள்நாக்கு இல்லாமல் பாடியவர்

(திரைப்படச் சங்கக் கூட்டமொன்றில், படம் திரையிடுவதற்கு முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பதினைந்து நிமிடத்துக்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கதை முழுவதையும் நானே சொல்லிவிட்டால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்ற பயம் அவர்களுக்கு.

ஜாஸ் பாடகிகள் என்றதும் பில்லி ஹாலிடே, எல்லா ஃபிட்ஜெரால்ட், சாரா வான் என்று பெயர்கள் வரிசையாக வரும். இன்று நாம் பார்க்கப்போகும் ஆவணப்படத்தின் நாயகி அனிதா ஓ'டேயின் பெயர் அவ்வளவு சீக்கிரம் வராது. இவர் 1919இல் கான்சஸ் சிட்டியில் பிறந்து சிகாகோவில் வளர்ந்தவர். பதின்வயதிலேயே வீட்டைவிட்டுக் கிளம்பி நடனப் போட்டிகளுக்குப் போனார். நடனப் போட்டி என்றால் சலங்கை கட்டி ஆடுவது இல்லை. பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்காவைப் பிழிந்துகொண்டிருந்த நேரம் அது. ஜோடி ஜோடியாக, வாரக்கணக்கில், சரியான தூக்கம் இல்லாமல் ஆடிக்கொண்டும் நடந்துகொண்டும் இருக்க வேண்டும். விழாமல் நிற்பவருக்குப் பரிசு. அதைப் பார்க்கக் காசு கொடுத்துக் கூட்டம் வரும். அவருடைய பயிற்சிக்கூடம் அதுதான்.

குரலுக்கு வருகிறேன். சிறுவயதில் டான்சில் அறுவை செய்த மருத்துவர் கைதவறி உள்நாக்கையும் சேர்த்து வெட்டிவிட்டார், அதனால்தான் தன்னால் நீண்ட கார்வை பிடிக்க முடியவில்லை, குரலை அசைத்து இழைக்க முடியவில்லை என்று அவர் சொல்லிவந்தார். குரலின் அசைவு பிறக்கும் இடம் குரல்வளை; ஆகவே இந்தக் காரணத்தை நான் பாதிதான் நம்புகிறேன். ஆனால் விளைவில் சந்தேகமே இல்லை, காதாலேயே கேட்கலாம். மற்றவர்கள் ஒரே சுரத்தை நீட்டி நிற்கிற இடத்தில் இவர் அதைப் பொடிப்பொடியாக உடைத்துத் தாளத்தின் மேல் தூவுவார். நமக்குக் கமகம் கேட்டுப் பழகிய காது. முதல் பாட்டில் குரல் வறண்டு கிடப்பதுபோல் இருக்கும். குரலை விட்டுவிட்டுத் தாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடி விழ வேண்டிய இடத்தில் சொல்லை வைக்காமல், கொஞ்சம் தள்ளி, பிந்தி வந்து சேர்வார். ஆனால் எப்போதும் சேர்ந்துவிடுவார்.

அவரைச் சுற்றி இருந்தவர்களைப் பாருங்கள். முதல் கணவர் டிரம்மர். 1941இல் அவரைச் சேர்த்துக்கொண்ட இசைக்குழுவின் தலைவர் ஜீன் க்ருப்பா டிரம்மர். பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவரோடு வாசித்த ஜான் பூலும் டிரம்மர். பாடகிக்குப் பியானோக்காரர்தான் துணை என்பார்கள். இவருக்கு அது பொருந்தாது.

க்ருப்பா குழுவில் ராய் எல்ட்ரிட்ஜ் என்ற கறுப்பின டிரம்பெட் கலைஞரோடு சேர்ந்து 'லெட் மி ஆஃப் அப்டவுன்' பாடினார். பாட்டின் நடுவே இருவரும் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வார்கள். "ஊது ராய், ஊது" என்று இவர் உசுப்புவார். 1941 அமெரிக்காவில் கறுப்பின ஆணும் வெள்ளைக்காரப் பெண்ணும் மேடையில் அப்படிச் சிரித்துப் பேசுவது சின்ன விஷயமா? இன்னொன்று: குழுவின் பாடகி நீள கவுன் போட்டுக்கொண்டு நாற்காலியில் பொம்மைபோல் உட்கார்ந்திருப்பது அன்றைய வழக்கம். இவர் வாத்தியக்காரர்கள் போட்ட அதே கோட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். 'நானும் இந்தக் குழுவில் ஒரு வாத்தியம்' என்று அந்தக் கோட்டு சொல்லியது.

பிறகு 1958, நியூபோர்ட் ஜாஸ் விழா. பெர்ட் ஸ்டெர்ன் என்ற புகைப்படக்காரர் எடுத்த 'ஜாஸ் ஆன் எ சம்மர்ஸ் டே' படத்தில் அந்தப் பிற்பகல் அப்படியே இருக்கிறது. கறுப்பு உடை, வெள்ளைக் கையுறை, இறகு வைத்த அகலமான தொப்பி. ஏதோ பெரிய இடத்துத் தேநீர் விருந்துக்கு வந்தவர் வழிதவறி மேடை ஏறிவிட்டாரோ என்று தோன்றும். 'ஸ்வீட் ஜார்ஜியா பிரவுன்' எல்லோரும் துள்ளலாகப் பாடுகிற பாட்டு. இவர் அதை டிரம் அடியின்மேல் மெதுவாக, ஊர்ந்து ஊர்ந்து தொடங்குகிறார். அடுத்து 'டீ ஃபார் டூ'வைத் தலைதெறிக்கிற வேகத்தில் எடுத்து, வாத்தியங்களோடு சொற்கட்டில் மல்லுக்கு நிற்கிறார். லூயி ஆம்ஸ்ட்ராங்கும் மஹாலியா ஜாக்சனும் இருக்கிற படத்தில் பலர் நினைவில் நிற்பது அந்தத் தொப்பிக்காரி. அன்று மேடையில் தான் ஹெராயின் மயக்கத்தில் இருந்திருக்கலாம் என்று பிற்பாடு அவரே சொன்னார்.

பதினைந்து ஆண்டுகள் அளவுக்கு நீண்ட பழக்கம் அது. சிறைவாசம், அளவு மீறிச் சாவின் விளிம்புவரை போனது, எல்லாம் உண்டு. இன்று பார்க்கப்போகும் ஆவணப்படம் ராபி கவோலினாவும் இயன் மெக்ரடனும் எடுத்தது. அதில் ஒரு பழைய தொலைக்காட்சிப் பேட்டி வருகிறது. பேட்டி எடுக்கும் பிரையன்ட் கம்பல் அனிதாவின் துன்பங்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறார். கண்ணீர் வரும் என்று எதிர்பார்த்திருப்பார்போல. இவரோ, நடந்தது அப்படித்தான் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். எனக்குப் படத்தின் உயிர் அங்கே இருக்கிறது. பாடகிகளின் கதையை அழவைப்பதற்காகவே எடுக்கிற ஒரு கூட்டம் உண்டு, நம் ஊரிலும் சேர்த்துத்தான். இந்தப் படம் ஓரளவு தப்பிக்கிறது. காரணம், அழுவதற்கு அந்த அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

குறை ஒன்று உண்டு. கவோலினா அவருடைய மேலாளரும்கூட. அந்த நெருக்கம் இல்லாமல் எண்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் இவ்வளவு வெளிப்படையான பேச்சைப் பிடித்திருக்க முடியாது. ஆனால் அதே நெருக்கத்தால் சில இடங்களில் படம் ரசிகர் மன்ற மலர்போல் ஆகிவிடுகிறது. 2006இல் வெளிவந்த கடைசி இசைத்தட்டில் குரல் நன்றாகவே தேய்ந்திருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் அவர் இறந்துபோனார். படம் 2007இல் நியூயார்க்கின் டிரைபெக்கா திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. அந்தக் கடைசிப் பதிவை வெளியிட்டிருக்க வேண்டுமா, விட்டிருக்கலாமா? வெளியிட்டது தப்பு என்பது என் கட்சி. படம் முடிந்ததும் மறுப்பவர்கள் வாருங்கள், வெளியே டீக்கடை பத்து மணிவரை திறந்திருக்கும்.