எதற்காக எடுத்தேன்?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சில வருடங்களுக்கு முன்னால், அலமாரியிலிருந்து ஒரு நாவலை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். புதிதாகப் படிப்பதாகத்தான் நினைப்பு. 112ஆம் பக்கம் வந்தபோது ஓரத்தில் ஒரு பென்சில் கோடு, பக்கத்தில் 'அம்மா சொன்னது பொய்' என்று ஒரு குறிப்பு. என் கையெழுத்து. முன்பே படித்திருக்கிறேன், கதையின் முடிச்சைக் கண்டுபிடித்துக் குறித்தும் வைத்திருக்கிறேன். அத்தனையும் சுத்தமாக மறந்துபோயிருக்கிறது. மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன்.

ஆரம்பத்தில் அது வெறும் கணக்குதான். தேதி, புத்தகத்தின் பெயர், ஆசிரியர், எத்தனை பக்கம். மாதக் கடைசியில் ஒரு கூட்டல். அதில் ஒரு கெடுதல் நடந்தது. இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் கை தானாக மெல்லிய புத்தகங்களைத் தேடிப் போகத் தொடங்கியது. எண்ணிக்கையில் ஒன்று கூடவேண்டுமே! ஆறு புத்தகம் படித்த ஒரு மாதத்தைப் பிறகு புரட்டிப் பார்த்தால், அதில் நான்கு எதைப் பற்றியவை என்பதே நினைவில்லை. ஒரே ஒரு தடித்த புத்தகத்தோடு கழிந்த மாதமோ இன்றும் பசுமையாக நிற்கிறது. அதனால் கூட்டலை நிறுத்திவிட்டு இரண்டு கட்டங்களைச் சேர்த்தேன். 'எதற்காக எடுத்தேன்' என்று ஒன்று. 'என்ன கேள்வியோடு மூடினேன்' என்று இன்னொன்று. இன்று உங்களிடம் பேச வந்ததே இந்த இரண்டு கட்டங்களைப் பற்றித்தான்.

சார்லஸ் டார்வின் 1838இல் தொடங்கி இருபது வருடங்களுக்கு மேல் வாசிப்புக் குறிப்பேடு வைத்திருந்தார். படிக்கவேண்டியவை ஒரு பட்டியல், படித்து முடித்தவை ஒரு பட்டியல். அதோடு விடவில்லை. தன் வேலைக்கு உதவும் செய்தி எந்தெந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று, தன்னிடம் இருந்த புத்தகங்களின் கடைசியிலேயே குறித்துவைப்பார். புதிதாக ஒரு விஷயத்தைக் கையில் எடுக்கும்போது முதலில் அந்தக் குறிப்புகளைத்தான் பார்ப்பார். கனமான புத்தகம் என்றால் பிடிக்க வசதியாக இரண்டாகப் பிரித்துவிடுவாராம், அவர் மகன் எழுதியிருக்கிறார். எனக்கு அதற்கு மட்டும் மனசு வராது. ஆனால் படித்த பட்டியலிலிருந்துதான் படிக்கப்போகும் பட்டியல் பிறக்கவேண்டும் என்பதை அவரைப் பற்றிப் படித்தபோதுதான் புரிந்துகொண்டேன்.

எழுதுவதைத் தள்ளிப்போடக் கூடாது. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர், பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, தன் மறதியைத் தானே அளந்து பார்த்தவர். மறதி முதல் சில மணி நேரத்தில்தான் வேகமாக நடக்கிறது, போகப்போக மெதுவாகிறது என்று 1885இல் எழுதினார். கதையும் கட்டுரையும் வெற்று அசைகளைவிட நன்றாகவே மனதில் நிற்கும். இருந்தாலும் புத்தகத்தை மூடிய இரவே ஒரு வரி எழுதிவிடுங்கள். செல்பேசிச் செயலியில் எழுதினாலும் சரி, தாளில் எழுதினாலும் சரி.

பாதியில் நிறுத்திய புத்தகங்களை என்ன செய்வது? பலர் அவற்றைப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. நான் கட்டாயம் சேர்ப்பேன். என் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கிறது: 'பக்கம் 64. ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறை, எல்லாருக்கும் தாத்தா பெயர். யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு மறுபடியும் வா.' இரண்டு வருடம் கழித்து அந்த வரி கண்ணில் பட்டது. தாளை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒன்பது நாளில் முடித்தேன். என் வாழ்க்கையில் நான் மிகவும் நேசிக்கும் புத்தகங்களில் அது ஒன்று. நூலகவியலின் ஐந்து விதிகளை 1931இல் வெளியிட்ட எஸ். ஆர். ரங்கநாதன், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்றார். அந்த நாவலுக்குரிய வாசகன் நான்தான். 64ஆம் பக்கத்தில் நின்றபோது இன்னும் தயாராகவில்லை, அவ்வளவுதான். நிறுத்திய இடத்தை எழுதி வைக்காமல் இருந்திருந்தால் திரும்பியே போயிருக்க மாட்டேன்.

அப்புறம் அடுத்த மாதத் திட்டம். ஒரு நாளைக்கு 20 பக்கம் படிப்பவருக்கு 30 நாளில் 600 பக்கம். 300 பக்கப் புத்தகம் என்றால் இரண்டு. 900 பக்க நாவல் என்றால் ஒன்றரை மாதம். இது தெரியாமல் பத்துப் பெயர்களை எழுதி வைத்தால், மாதக் கடைசியில் மிஞ்சுவது குற்ற உணர்வு மட்டும்தான். உங்களுடைய உண்மையான எண் என்ன என்பதைக் கடந்த மூன்று மாதக் குறிப்பு சொல்லிவிடும். அதை வைத்துத் திட்டம் போடுங்கள், ஆசையை வைத்துப் போடாதீர்கள்.

நான் இரண்டு புத்தகங்களுக்கு மேல் உறுதியாக எழுதுவதில்லை. ஒன்று, போன புத்தகம் விட்டுப்போன கேள்வியிலிருந்து வரும். மற்றது அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறு வகை. மூன்றாவது வரி காலியாகவே இருக்கும். யாராவது கையில் கொண்டுவந்து கொடுக்கும் புத்தகத்துக்கும், நூலகத்தில் தற்செயலாகக் கண்ணில் படும் புத்தகத்துக்கும் ஓர் இடம் வேண்டுமல்லவா? மறுவாசிப்புக்கும் அந்த இடம்தான். படித்ததையே படிப்பது வீண் என்று நினைக்காதீர்கள், புதிய வரியாக எழுதுங்கள். பழைய வரியையும் புதிய வரியையும் சேர்த்துப் படிக்கும்போது, இடைப்பட்ட காலத்தில் நாம் எங்கே நகர்ந்திருக்கிறோம் என்று தெரியும்.

போன மாதம் வலசைப் பறவைகளைப் பற்றி ஒரு புத்தகம் படித்தேன். சில பறவைகள் இரவில் விண்மீன்களைப் பார்த்துத் திசை அறிகின்றன என்று அதில் இருந்தது. மூடும்போது நான் எழுதிய கேள்வி: 'எந்த விண்மீன் வடக்கு என்று எனக்குத் தெரியுமா?' தெரியவில்லை. அதனால் இந்த மாதத்தின் முதல் வரியில் இரவு வானம் பற்றிய ஒரு புத்தகம் இருக்கிறது. நேற்று அதில் 31ஆம் பக்கத்தில் இருந்தேன். படித்துவிட்டு, நோட்டையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். மேகமாக இருந்தது. இன்றும் போய்ப் பார்க்கவேண்டும்.

நன்றி. வணக்கம்.