சபையின் முன்னே நடுங்கும் குரல்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு காலையில் நம் கிறிஸ்தவ ஆலய வழிபாட்டில் பாட்டை எடுத்துக் கொடுக்கவோ, சபையோர் பல்லவியை மறுமொழியாகப் பாடும் பதிலுரைப் பாடலைப் பாடவோ, மன்றாட்டை முன்னின்று நடத்தவோ தம் இருக்கையை விட்டு எழுந்து வருகிறவர்களில் பலர், அந்தச் சில அடி தூரத்தை நடந்து முடிப்பதற்குள்ளேயே வாய் உலர்ந்து, கை குளிர்ந்து, நெஞ்சு படபடக்கும் நிலைக்கு ஆளாகிவிடுகிறார்கள். வீட்டுக் குசினிக்குள்ளும் கிணற்றடியிலும் தங்குதடையின்றிப் பாடுகிற பிள்ளை, கோவிலில் ஒலிவாங்கிக்கு முன் நின்றதும் முதல் வரியை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் தவிப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அதன் பிறகு அந்தப் பிள்ளை பாடற்குழுவின் பின்வரிசைக்குப் போய்விடுகிறது. ஒரு சில ஆண்டுகளில் குழுவை விட்டே போய்விடுகிறது. நல்ல குரல்கள் பல இப்படித்தான் நம் ஆலயங்களுக்கு இல்லாமற் போயிருக்கின்றன என்ற கவலையோடுதான் இன்று இந்த விடயத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்ற வேண்டும். 'விசுவாசம் இருந்தால் பயம் வராது' என்று பதற்றத்தோடு நிற்கிறவரிடம் சொல்லுகிற வழக்கம் நம்மிடையே உண்டு. அது ஆறுதல் அல்ல. ஏற்கெனவே சுமை தூக்கி நிற்பவரின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவதாகும். கொரிந்து சபையாருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், தாம் அவர்களிடம் வந்தபோது பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் இருந்ததாகப் பவுல் அப்போஸ்தலரே எழுதுகிறார். மோசேயோ தமக்கு வாக்குவன்மை இல்லை என்று சொல்லி, வேறு யாரையாவது அனுப்பும்படி மன்றாடினார். அந்த இடத்தில் மோசேயின் தயக்கத்தால் கடவுள் சினங்கொண்டார் என்பது உண்மைதான். ஆயினும் அவரைத் தள்ளிவிடவில்லை, பேசுவதற்கு ஆரோனைத் துணையாகக் கொடுத்தார். முதன்முறை பாட வருகிற ஒருவரைத் தனியே நிறுத்தாமல், பக்கத்தில் இன்னொரு குரலை நிறுத்துவதற்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி நமக்கு வேண்டியதில்லை.

நடுக்கம் எப்படி வருகிறது என்று அறிந்தால் அதன் பலம் பாதியாகக் குறையும். ஆபத்து வருகிறது என்று மனம் எண்ணியதும் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, விரல்களுக்குச் செல்லும் இரத்தம் குறைவதால் கை குளிர்கிறது, உமிழ்நீர் வற்றுகிறது, மூச்சு வயிற்றை விட்டு மேல்மார்புக்கு ஏறிவிடுகிறது. குரல்வளையைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுவதால் குரல் தானாகவே மேலே ஏறுகிறது. பதற்றத்தோடு தொடங்குகிறவர் வழமையைவிட உயர்ந்த சுருதியிலும் விரைவான காலத்திலும் தொடங்கிவிடுவது இதனால்தான். இவற்றில் எதுவும் குரல் கெட்டுவிட்டதற்கான அடையாளம் அல்ல. ஓட்டப் பந்தயத்துக்கு நிற்கும் மாணவனுக்கும் இதே மாற்றங்கள்தான் நிகழ்கின்றன. அவன் அதைப் பயம் என்று சொல்வதில்லை.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் என்னும் ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே நமக்குப் பயன்படும். பிறர் முன்னிலையில் பாட வேண்டியவர்களில் ஒரு சாராரைத் தமக்குப் பதற்றமாக இருப்பதாகவும், இன்னொரு சாராரைத் தமக்கு உற்சாகமாக இருப்பதாகவும் வாய்விட்டுச் சொல்லச் செய்தார்கள். உற்சாகமாக இருப்பதாகச் சொன்னவர்களே சுருதியிலும் தாளத்திலும் கூடிய புள்ளிகளைப் பெற்றார்கள். படபடக்கிற நெஞ்சை அடக்கிவிடக் கட்டளையிட்டுப் பயனில்லை. ஆனால் அந்தப் படபடப்பைப் பாடுவதற்கு உடல் ஆயத்தமாகிறது என்று ஏற்றுக்கொள்ள முடியும்.

ஆனால் மூச்சுக்கும் மனத்துக்குமான பயிற்சிகள் எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஆலயத்தில் நாம் பாடுவது யாருடைய பாட்டு? கச்சேரி மேடையில் பாடகர் பாடுகிறார், சபையோர் கேட்கிறார்கள். கோவிலில் பாட வேண்டியவர்கள் சபையோர். முன்னே நிற்பவர் அவர்கள் பாடுவதற்கு வழி திறந்து கொடுக்கிறவர். 136ஆம் சங்கீதத்தில் 26 வசனங்கள் உண்டு. ஒவ்வொரு வசனமும் 'அவர் கிருபை என்றுமுள்ளது' என்றே முடிகிறது. முன்னிற்பவர் ஒரு வரியைச் சொல்ல, மக்கள் அந்த மறுமொழியைச் சொல்லுவதற்கு இசைவாகவே அது அமைந்திருக்கிறது. 1963 டிசம்பர் 4ஆம் திகதி கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, மக்கள் பதிலுரைகளிலும் சங்கீதங்களிலும் பாடல்களிலும் முழுமையாகப் பங்குகொள்ள வேண்டும் என்று கேட்டதோடு தாய்மொழி வழிபாட்டுக்கும் வழி திறந்தது. மறுபுறம், 1814இல் யாழ்ப்பாணம் வந்த வெஸ்லியன் (மெதடிஸ்த) மிஷனரிமாரின் மரபுக்கு மூலவரான ஜோன் வெஸ்லி, 1761இல் சபைப் பாடலுக்கென எழுதிய விதிகளில், அரை உறக்கத்தில் இருப்பவர்களைப் போலப் பாடாமல் துணிவோடு குரலை உயர்த்திப் பாடும்படி சொல்கிறார். அடுத்து, சபையின் குரலுக்கு மேலாகத் தன் குரல் தனித்துக் கேட்கும்படி கத்த வேண்டாம் என்றும் சொல்கிறார். பயந்தவருக்கு முதல் விதி வேண்டும். பயத்தின் வேரை அறுப்பதற்கு இரண்டாம் விதி வேண்டும். என் குரல் எப்படிக் கேட்கிறது என்ற கேள்வியை விட்டுவிட்டு, கடைசி வாங்கில் இருக்கும் அம்மா இந்த வரியைப் பாடுகிறாரா என்ற கேள்விக்கு மனத்தைத் திருப்பியவர்களிடம் நடுக்கம் விரைவில் தணிவதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

இது நம் மண்ணுக்குப் புதியதல்ல. எங்கள் கரையோர ஊர்களின் கத்தோலிக்க நாட்டுக்கூத்தில், கூத்தர் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் ஏந்திப் பாடுகிறார்கள். அந்தச் சில கணங்களில் கூத்தர் மூச்செடுக்கிறார், அடுத்த அடியை நினைவுக்குக் கொண்டுவருகிறார். தன்னைத் தாங்குவதற்கு ஒரு கூட்டம் இருக்கிறது என்ற உறுதியோடு அவர் ஆடுகிறார். அதே உறுதியை நம் பாடற்குழுக்கள் முன்னே நிற்கும் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமைப் பயிற்சியில் நான் கண்டதைச் சொல்கிறேன். உயர்தர வகுப்பில் படிக்கும் பிள்ளையொன்று மறுநாள் முதன்முறையாகப் பதிலுரைப் பாடலைப் பாட வேண்டும். கையில் பிடித்திருந்த ஒற்றைத் தாள் நடுங்கிய சரசரப்பு ஒலிவாங்கிக்குள் போய் ஒலிபெருக்கிப் பெட்டியில் பெரிதாகக் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் இன்னும் நடுங்கினார். பாட்டுப் பழக்குகிற ரீச்சர் எதுவும் சொல்லாமல் அந்தத் தாளை வாங்கி, தடித்த மட்டைக் கோவை ஒன்றில் செருகி, வாசக மேடையில் வைத்தார். பிறகு, "பிள்ளை, முதல் வரியை மட்டும் எங்களுக்குத் தா. மிச்சத்தை நாங்கள் பாடுறம்" என்றார். மற்றப் பிள்ளைகளை முதல் வாங்கில் இருத்திப் பல்லவியை மட்டும் அவரோடு மாறி மாறிப் பாட வைத்தார். அது சரிவந்ததும் அவர்களை நடுக் கோவிலுக்கும், பின்னர் பெரிய வாசலடிக்கும் அனுப்பி மீண்டும் பாட வைத்தார். மறுநாள் முதற் சரணத்தில் அந்தப் பிள்ளையின் குரல் அசையத்தான் செய்தது. சபையின் பதில் ஒரே குரலாக எழுந்து வந்தபின், இரண்டாம் சரணத்தை அவர் இயல்பான மூச்சோடு பாடினார்.

ஆயத்தத்தில் நான் மிக முக்கியமாகக் கருதுவது சுருதியை. நம் கீர்த்தனைகள் பலவற்றில் பல்லவி தாழ்வாகவும் நடுவாகவும் நின்று, அனுபல்லவியிலோ சரணத்திலோ மேல் ஸ்தாயிக்கு ஏறுகிறது. பல்லவி சுகமாக இருக்கிறதே என்று அந்த இடத்தில் தொடங்கிவிட்டு, சரணத்தில் எட்டாமல் திணறுகிறவர் தமக்குப் பயம் என்று எண்ணிக்கொள்கிறார். உண்மையில் அவர் தவறான கட்டையில், அதாவது தவறான சுருதியில், தொடங்கியிருக்கிறார். ஆகவே பாட்டின் மிக உயர்ந்த சுரத்தை முதலில் பாடிப் பார்த்து, அது பயிற்சியில்லாத சபையோருக்கும் எட்டும் என்று கண்டபிறகே தொடக்கச் சுருதியைத் தீர்மானிக்க வேண்டும். தீர்மானித்ததைத் தாளின் தலைப்பில் எழுதிவைத்து, ஞாயிறன்று கீபோர்டிலோ ஆர்மோனியத்திலோ அந்தச் சுரத்தைக் கேட்டே தொடங்க வேண்டும். பதற்றமான குரல் தன்னிச்சையாக மேலே ஏறும் என்று முன்னர் சொன்னேன்; நினைவை மட்டும் நம்பித் தொடங்குவது அதனால் ஆபத்தானது. காலப்பிரமாணமும் அப்படியே. பாட்டில் சொற்கள் நெருக்கமாக வரும் வரியை மனத்துக்குள் ஒருமுறை பாடிப் பார்த்து, அந்த வேகத்திலேயே முதல் வரியைத் தொடங்கினால் ஓட்டம் பிடிக்காது.

மூச்சுக்கு எளிய வழி ஒன்று உண்டு. ஆதிதாளம் தெரியாத பாடற்குழு நம்மிடம் இல்லை. அரை ஆவர்த்தனமாகிய நான்கு எண்ணிக்கைக்கு மூக்கால் மூச்சை உள்ளிழுத்து, எட்டு எண்ணிக்கை கொண்ட முழு ஆவர்த்தனத்துக்கு மெதுவாக வெளியே விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. வாசகம் வாசிக்கப்படும் வேளையில், இருக்கையில் இருந்தபடியே, எவரும் அறியாமல் இதைச் செய்யலாம். தண்ணீரை எழுந்து வரும் கணத்தில் மடமடவென்று குடிப்பதால் வாயின் உலர்வு மட்டுமே நீங்கும். விழுங்கும் நீர் குரல்நாண்களின் மேல் படுவதில்லை. உடல் முழுவதும் நீர் சேர்ந்தால்தான் அவை ஈரமாக இருக்கும். நம் வெயிலுக்குக் காலையில் எழுந்ததிலிருந்தே சிறிது சிறிதாகக் குடித்துவர வேண்டும்.

முதல் வரியும் மன்றாட்டின் முதல் வாக்கியமும் மனப்பாடமாக இருக்கட்டும். எஞ்சியதைத் தாளைப் பார்த்துப் பாடலாம், வாசிக்கலாம். எழுதி வாசிக்கும் செபத்தில் உருக்கம் இல்லை என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. முதல் நாள் இரவில் அமர்ந்து, சபையில் நோயுற்றிருப்பவர்களையும் கடலுக்குப் போனவர்களையும் நினைத்து எழுதிய நாலு வரிகளில் உருக்கம் குறைவாக இருக்க நியாயமில்லை.

இருமல், ஆஸ்துமா முதலிய வருத்தம் உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கையையும் இடையில் சொல்ல வேண்டும். நடுக்கத்தைக் குறைக்க இதயத் துடிப்பைத் தணிக்கும் மாத்திரைகளைச் சில இசைக்கலைஞர்கள் எடுப்பது உண்டு. அவற்றுள் புரோப்ரனலோல் போன்றவை ஆஸ்துமா உள்ளவருக்கு உயிராபத்தாகலாம். இன்னொருவருக்குக் கொடுத்த மாத்திரையை வாங்கிப் போடவே கூடாது. பயம் கோவிலோடு நில்லாமல் பாடசாலை, வேலை, உறக்கம் என்று எல்லாவற்றிலும் பரவினால் வைத்தியரிடம் செல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி, வாங்கில் இருப்பவர்களாகிய நம்மிடம் வருகிறேன். பயத்தின் பெரும்பங்கை உண்டாக்குகிறவர்கள் நாம்தான் என்பது என் உறுதியான எண்ணம். சுரம் ஒன்று பிசகினால் உடனே திரும்பிப் பார்க்கிறோம். பக்கத்தில் இருப்பவரோடு கண்ணால் பேசிக்கொள்கிறோம். அந்தப் பார்வை ஒன்று போதும், பாடுகிற பிள்ளை அடுத்த வரியை மறப்பதற்கு. பிறர் நம்மை எவ்வளவு கவனிக்கிறார்கள் என்பதை நாம் இயல்பாகவே மிகைப்படுத்தி எண்ணுகிறோம். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்டு 2000இல் வெளிவந்த ஆய்வில், கூச்சம் தரும் படம் பொறித்த மேற்சட்டை அணிந்து ஓர் அறைக்குள் நுழைந்த மாணவர்கள், அங்கிருந்தவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். கவனித்தவர்களோ கால்வாசிப் பேரளவில்தான். பாடுகிறவர் இதை நினைவில் வைத்தால் ஆறுதல் கிடைக்கும். ஆனால் கேட்டிருப்பவர்கள் வேண்டுமென்றே கழுத்தைத் திருப்பினால் அந்த ஆறுதலும் பொய்யாகிவிடும்.

இப்போது இதனோடு கைபேசியும் சேர்ந்திருக்கிறது. வழிபாட்டை முகநூலில் நேரலையாகக் கொடுப்பது வெளிநாட்டில் இருக்கும் நம் உறவுகளுக்கு நன்மையே. ஆனால் முதன்முறை பாடுகிற பிள்ளையின் தடுமாற்றம் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பார்க்கப்பட்டு, பல நாள் அழியாமல் இருக்கும் என்ற நினைவு சின்ன விடயமல்ல. அந்தப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் முன்கூட்டியே கேளுங்கள். அவர்கள் விரும்பாவிட்டால் அந்தப் பகுதியில் கமராவைப் பீடத்தின் பக்கம் திருப்பிவிடலாம்.

பங்குத்தந்தையர்களிடமும் போதகர்களிடமும் பாடற்குழுப் பொறுப்பாளர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பிள்ளைகளின் முதல் அனுபவம் திருவிழாத் திருப்பலியிலோ கிறிஸ்மஸ் ஆராதனையிலோ அமைய வேண்டாம். ஒக்டோபர் மாதத்தில் வீடுகளில் நடக்கும் செபமாலை, வாரநாள் வீட்டு ஜெபக்கூட்டம், ஓய்வுநாள் பாடசாலை ஆகிய சிறு கூட்டங்களில் பழக்கித்தான் பெரிய சபைக்கு அழைத்துவர வேண்டும். பாடி முடித்தவரிடம் 'நல்லாயிருந்தது' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல், மூன்றாம் சரணத்தில் சொற்கள் தெளிவாகக் கேட்டன என்பதைப் போல எது நன்றாக இருந்தது என்று குறித்துச் சொல்லுங்கள். திருத்தங்களைக் கோவில் வாசலில் நின்று சொல்லாமல் அடுத்த பயிற்சி நாளுக்கு வையுங்கள். நாம் விலகி நிற்க நிற்கப் பயம் வளரும். அடுத்தடுத்து நின்றால்தான் குறையும். ஆகையால் அவர் மறுபடியும் பாட வேண்டிய ஞாயிற்றை, ஆறு மாதம் கழித்து அல்ல, இரண்டு மூன்று கிழமைகளுக்குள்ளேயே வரும்படி, அன்றைக்கே அவரோடு கதைத்து அட்டவணையில் எழுதிவிடுங்கள்.

நன்றி. வணக்கம்.